காதோடு சொல்லணும்

மலைக்கு மேற்கே, உப்பங்கழி ஓரத்தில் யூதர்கள் குடியிருந்த தெரு ஒன்று. வருஷத்தில் ஒரு நாள் அவர்கள் வீடுகளில் அடுப்புப் புகை எழும்பாது. பாவ மன்னிப்பு நாள் அது. முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் நட்சத்திரம் தெரிகிறவரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. தோல் செருப்பும் கூடாது. எல்லோரும் வெள்ளை உடுப்பு. மத்தியானத்துக்கு மேலே பசி போய் ஒரு கிறக்கம் வரும் பாருங்க, மனுஷர் நடக்கிறாங்களா மிதக்கிறாங்களா என்றே தெரியாது. ஜெப ஆலயத்து விளக்குகள் தண்ணீருக்குள் எரிகிற மாதிரி எரியும்.

அந்த நேரத்தில் யோயேல் வெறுங்காலோடு ஆலயத்துக்குள் ஓடிவந்து வேதகுரு ரபி ஏலாசர் பக்கத்தில் நின்றான். மிளகு வியாபாரி. தலை நரைக்க ஆரம்பித்த பிறகு ரபியிடம் வேதம் படிக்க வந்தவன்.

"ரபீ, சிம்காவுக்கு முடியலை."

சிம்கா அவன் மனைவி. கல்யாணமாகி எத்தனையோ காலம் கழித்து இப்போதுதான் வயிற்றில் பிள்ளை.

"என்ன செய்யுது?"

"பக்கத்து வீட்டு நபீசா மீன் குழம்பு வைக்கிறா. நம்ம நோன்புன்னு சன்னலைச் சாத்திட்டுத்தான் வச்சா. வாசனை ஓட்டு வழியா வந்திருச்சு. அது வேணும்னுட்டு இவ சுருண்டு படுத்துட்டா. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு."

"சட்டம் என்ன சொல்லுது?"

"பிள்ளைத்தாச்சி வாசனை பட்டுச் சோர்ந்தா, இன்னைக்கு நோன்பு நாள்னு காதோடு சொல்லணும். தெளியலைன்னா குழம்புல குச்சியைத் தோய்ச்சு நாக்குல வைக்கணும். அதுக்கும் தெளியலைன்னா உயிர் திரும்புறவரைக்கும் ஊட்டணும்."

"பாடம் சுத்தம். சொன்னியா?"

"சொன்னேன். தெளியலை."

"அப்புறம் இங்கே என்ன வேலை?"

யோயேல் குரல் இறங்கிற்று. "போன வருஷம் இதே நாள், இந்தத் தூண்கிட்ட நின்னுதான் பிள்ளை கேட்டேன். இந்த நாளை உடைச்சா, கொடுத்தவர் திரும்ப எடுத்துக்குவாரோன்னு பயமா இருக்கு. இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கட்டுமா?"

"எங்கே நின்னு சொன்னே?"

"வாசப்படியில."

"அவ காது என்ன, வாசப்படி வரைக்கும் நீளமா?"

பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை மறைக்கச் சால்வையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போ. காதோடு சொல்லு. நான் பின்னால வர்றேன்."

தெரு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. யோயேலுக்குத் தன் கால்கள் யாருடையவோ போலிருந்தன.

சிம்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவன் மண்டியிட்டு, உதட்டை அவள் காதுப்பக்கம் கொண்டுபோனான். முந்தின நாள் தேய்த்த எண்ணெயின் வாசனை. மூச்சு நூல் மாதிரி வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அந்த மூச்சுக்குள் அவள் ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபோது அது கேட்கவில்லை.

"பயமா இருக்கு... பயமா இருக்கு..."

சொல்ல வந்தது அவன் வாயிலேயே நின்றுவிட்டது. எழுந்து சன்னலைத் திறந்தான்.

"நபீசா! கொஞ்சம் குழம்பு!"

"வாசல்ல நின்னு நீங்க போட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சு. அப்பவே கிண்ணத்துல ஊத்தியாச்சு. இந்தாங்க."

குச்சியைத் தோய்த்து வைத்தான். அவள் நாக்கு அதைத் தேடிற்று. பிறகு விரலால் ஊட்டினான். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ரத்தம் ஏறியது. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

வெளியே ரபி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"ரபீ, தப்புப் பண்ணிட்டேன். குனிஞ்சேன். ஆனா சொல்லலை. சொல்லாமலே ஊட்டிட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"அவ பேசினது கேட்டுச்சு."

ரபி சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"உரக்கச் சொல்லுன்னு சட்டம் வச்சிருந்தா வாசப்படியிலேயே வேலை முடிஞ்சிருக்கும், யோயேலே. காதோடுன்னு எதுக்கு வச்சாங்க?"

யோயேல் விரலில் காய்ந்துகொண்டிருந்த குழம்பைப் பார்த்தபடி நின்றான். நட்சத்திரத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.