கிட்டே வந்த மலை

"அம்மா, மலை ஒரு கிலோமீட்டர் கிட்ட வந்துருச்சுங்க" என்றார் செங்கோடன்.

அருளம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எப்போ வந்துச்சு?"

"போன திங்கக்கிழமைங்க."

செங்கோடனுக்கு வயது ஐம்பத்தெட்டு. அடிவாரத்து மடத்தின் குட்டி பிக்கப் வண்டியைப் பதினெட்டு வருடமாக ஓட்டுகிறவர். மடத்தின் குருவான அருளம்மைக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. இந்த வயதில் இத்தனை சின்னவரிடம் சீடராகப் போனதற்கு ஊர் அவரைக் கேலி செய்து ஓய்ந்துவிட்டது. செங்கோடன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை.

தினமும் பதினொன்றரை மணிக்குச் சோற்று அண்டாக்களோடு மலை ஏறுவார். உச்சிக் கோயிலில் எண்பது பேர் பன்னிரண்டு அடித்ததும் இலை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு அதுதான் முதல் சாப்பாடு.

போன திங்கட்கிழமை காலையில் வண்டிக்குப் பெரிய சக்கரங்கள் மாட்டினார். மச்சான் தன் பெரிய வண்டியிலிருந்து கழற்றிப் போட்டவை. பழைய நாலும் விறகுக் கொட்டகைக்குப் போயின.

மாட்டிக்கொடுத்த பஞ்சர் கடைக்காரர் ஏதோ சொல்லத்தான் செய்தார். மீட்டருக்குப் பாதை தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை மட்டும்தான் அது எண்ணும் என்றார். செங்கோடன் அப்போது சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்று, வண்டி எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. பதினெட்டு வருடமாக மடத்திலிருந்து கோயிலுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டிய மீட்டர், பதினொன்று காட்டியது.

மறுநாளும் பதினொன்று. அதற்கு மறுநாளும் அதே பதினொன்று.

"நானே எத்தனை வருசம் ஏறினேனுங்க. இப்பத்தான் மலை எறங்கி வந்திருக்குது" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அருளம்மை ஒரு காம்பை ஒடித்தார்.

"கிட்ட வந்த மலைக்குச் சோறு ஏன் லேட்டாப் போகுது?"

கேள்வி நியாயமானதுதான். அந்த வாரம் ஒருநாளும் ஒரு மணிக்கு முன்னால் சோறு மேலே போய்ச் சேரவில்லை. மூன்றாவது வளைவில் வண்டி முதல் கியரிலேயே முனகியது. இரண்டு தடவை ஏற முடியாமல் நின்றே போனது. வியாழக்கிழமை ஒரு பெரியவர் காய்ந்த இலைக்கு முன்னாலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பியது செங்கோடன்தான். அந்த முகம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆனாலும் அவரிடம் பதில் இருந்தது.

"செங்குத்தாயிருச்சுங்கம்மா."

"எது?"

"மலைதானுங்க. ஒசரம் அப்படியே இருக்குது, தூரம் மட்டும் கொறஞ்சிருச்சு. அப்ப ஏத்தம் கூடத்தானுங்களே செய்யும்?"

அருளம்மை முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.  அந்தக் கணக்கில் ஓட்டை இல்லை.

மற்றவர்கள் சொன்ன குறைகளுக்கும் செங்கோடன் விளக்கம் வைத்திருந்தார். அண்டா ஏற்றுகிற பெண்களுக்கு வண்டியின் தளம் எட்டவில்லை. அன்னத்தைத் தலைக்கு மேல் தூக்குவதுதான் மரியாதை என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கரம் மட்கார்டில் உரசி 'சிவ் சிவ்' என்றது. அதை ஜெபத்தில் சேர்த்துவிட்டார்.

நாளை தைப்பூசம். மேலே முந்நூறு பேர் இருப்பார்கள். வழக்கமாக இரண்டு நடை போக வேண்டும். மலைதான் கிட்டே வந்துவிட்டதே, எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிவிடுகிறேன் என்று அனுமதி கேட்கத்தான் இப்போது வந்திருந்தார். வண்டி நடுவழியில் படுத்துவிட்டால் முந்நூறு பேரும் பட்டினி என்று சமையல்கட்டில் அத்தனை பேரும் பதறினார்கள். செங்கோடனுக்கும் உள்ளூரப் பயம்தான். தேடி வந்த மலையைச் சந்தேகப்படத்தான் அவருக்கு மனசு வரவில்லை.

அருளம்மை கையை உதறிக்கொண்டார். கீரைத்தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. இப்பத்தான் மேல இருந்து வந்தேன்."

"போய் உட்காருங்க. நானே பரிமாறறேன்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இலையில் உட்கார்ந்ததும் எத்தனை கரண்டி சோறு என்று சொல்லிவிட வேண்டும். சொன்னதை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுத்தான் எழ வேண்டும். குருவுக்கும் அதே சட்டம்தான்.

"நாலுங்க" என்றார் செங்கோடன். என்றைக்கும் அவருக்கு நாலுதான்.

அருளம்மை வந்தார். கையில் இருந்தது அண்டா கிளறுகிற கரண்டி.

முதல் கரண்டியிலேயே இலை மறைந்துபோனது. குருவின் கையால் சாப்பிடுவது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று செங்கோடன் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

இரண்டாவது கரண்டிக்கு வேட்டி முடிச்சைத் தளர்த்தினார். வயிறு போதும் என்றது.

மூன்றாவதற்குப் பெரும்பாடுபட்டார். நெற்றியில் வியர்வை வழிந்தது. இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். வளைவில் வண்டி முனகிய அதே முனகல் இப்போது அவரிடமிருந்தே வந்தது.

எப்படியோ இலை காலியானது. நிமிர்ந்தால், அருளம்மை நாலாவது கரண்டியோடு நின்றிருந்தார்.

"அம்மா, முடியாதுங்க."

"ஏன்? தினமும் நாலுதானே?"

"நாலுதானுங்க. கரண்டி பெருசுங்களே, அம்மா. வயிறு அதே வயிறுதானுங்க. சின்னக் கரண்டின்னா நாலுல நெறையும், இதுல ரெண்டுலயே…"

செங்கோடன் தலையைத் திருப்பினார்.

வாசல் வழியாக வண்டி தெரிந்தது. வெயிலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தது. அவர் அதன் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கரண்டியைப் பார்த்தார். மறுபடி சக்கரத்தைப் பார்த்தார்.



"அம்மா, வீல் ஸ்பேனர் வெறகுக் கொட்டகையிலதானுங்களே இருக்குது?"

அவசரமாக எழப்போனார்.

"உட்காருங்க" என்றார் அருளம்மை. "நாலு சொன்னீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு."