கடலில்லாத நாட்டு மீன்

ஜப்பானில் ஹிடா என்றொரு மாகாணம் இருந்தது. எங்கே பார்த்தாலும் மலை. அங்கே பாயை விரிப்பதற்குக்கூட ஒரு மலையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.

அதன் எல்லையில், நோமுகி கணவாயின் அடியில் ஒரு மடம். மியோரென் என்ற மூத்த பிக்குணிதான் குரு. அவருடைய சீடன் கென்போ, மனம் அடங்கும்வரை ஹிடாவின் எல்லைக்கல்லைத் தாண்டுவதில்லை என்று புத்தர் முன் சபதம் செய்தவன்.

கணவாய்க்கு அப்பால் ஷினானோ மாகாணம். அங்கே அவன் தாய் படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

புத்தாண்டு நெருங்கும் ஒரு காலையில், ஹிடா வழியாக ஷினானோவுக்கு மீன் சுமக்கும் யாசுகே மூச்சிரைக்க வந்தான்.

"சேதி தெரியுமா சாமி? புது அரசாங்கம் ஹிடாவையும் ஷினானோவில் பாதியையும் சேர்த்து ஒரே மாவட்டமாக்கிவிட்டது. எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். போன நடையில் அதன்மேல் உட்கார்ந்துதான் சோறு தின்றேன். உங்கள் அம்மா கஞ்சி குடிக்கிறாளாம். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்."

கென்போவுக்கு அப்பாடா என்றிருந்தது. அவசரமாக மூட்டையைக் கட்டினான். வாசல்வரை போனவன் குருவிடம் திரும்பி வந்தான்.

"அம்மா, என் சபதம் தீர்ந்ததா? இல்லை, சாக்குக் கிடைத்ததென்று ஓடுகிறேனா?"

"அதைப்பற்றி அரசாங்கம் ஒன்றும் சொல்லவில்லையா?"

"இல்லை."

"சோம்பேறிகள்." மியோரென் யாசுகேயின் கூடையிலிருந்து ஓர் உப்பு மீனை உருவினார். "இது எங்கே பிடித்தது?"

"வடக்கே எட்சூ கடலில், அம்மா."

"ஷினானோவில் இதை என்னவென்று கேட்டு வாங்குகிறார்கள்?"

"ஹிடா மீன் என்றுதான். ஹிடா மீன் இல்லாமல் அங்கே புத்தாண்டு விருந்தே கிடையாது."

"ஹிடாவில் ஏதப்பா கடல்?" என்றான் கென்போ.

"இருந்தது. மலைகள் நெருக்கிய நெருக்கில் மூச்சு முட்டி எட்சூவுக்கு ஓடிவிட்டது. நான்தான் வழியனுப்பினேன்" என்றார் குரு.

யாசுகே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

மியோரென் மீனைக் கென்போவின் கையில் வைத்தார். "இங்கே இருக்கும்போது இது எந்த ஊர் மீன்?"

"எட்சூ மீன்."

"எப்போது ஹிடா மீனாகும்?"

கென்போ மீனைப் பார்த்தான். கணவாயைப் பார்த்தான்.

"ஹிடாவைத் தாண்டிய பிறகு."

"பிறகென்ன? கிளம்பு."

"சபதம், அம்மா?"

"அதையும் தூக்கிக்கொண்டு போ. உன் தாய் மீனைச் சாப்பிட்டு முடித்ததும், இரண்டில் எது கனத்தது என்று வந்து சொல்."