கீரி வாங்கிய பிரேக் கட்டை

ஊசிமலைக் காட்டில் மாடக்கண்ணு என்றொரு கீரி இருந்தது. அந்தக் காட்டிலேயே பந்தய சைக்கிள் வைத்திருந்த ஒரே பிராணி அதுதான். வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், ஆளைக் குனிய வைக்கும் சீட்! அது மலைப்பாதையில் இறங்கினால் முயல்கள்கூட ஒதுங்கி நின்று வாயைப் பிளக்கும்.

தாய்ப் பறவைகள் மட்டும் வாயைப் பிளக்கவில்லை. கீரியைக் கண்டதும் இறக்கையை விரித்துக் கூட்டை மூடிக்கொண்டன. மாடக்கண்ணுவின் அப்பனும் பாட்டனும் முட்டை குடித்தே வாழ்ந்தவர்கள். மாடக்கண்ணு அந்தப் பழக்கத்தை விட்டொழித்து, நண்டுக்கும் ஓணானுக்கும் மாறி வெகு நாளாகிவிட்டது. ஆனால் யார் நம்புகிறார்கள்? 'முட்டைத் திருடன்' என்ற பட்டம் வாலைப் போலவே கூட வந்தது. அதற்கு அது பெரிய வருத்தம்.

அந்தக் கோடையில் மலையுச்சிக் குளம் வற்றத் தொடங்கியது. குளத்தின் நடுவே கோரைப்புல்லில் கூடு கட்டியிருந்தது பவளக்கொடி என்ற நீர்ப்பறவை, ஒரு நாமக்கோழி. கூட்டில் நாலு முட்டைகள். சுற்றிலும் தண்ணீர் இருந்தவரை நரிகளால் அண்ட முடியவில்லை. தண்ணீர் சேறாகிவிட்டால் நடந்தே வந்துவிடும்! அடிவாரத்து ஏரியில் தண்ணீர் நிறையவே இருந்தது. ஆனால் முட்டையை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

சேதி கேட்டு மாடக்கண்ணு கரையில் வந்து நின்றது.

"தங்கச்சி, சைக்கிள்ல கூடை கட்டி, நான் கொண்டுபோய்ச் சேர்த்துடறேன்."

"நீங்களா!" பவளக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான்தான். ஒரே ஒரு தடவை நம்பிப் பாரு, தாயி!"

பவளக்கொடி கரைச் சேற்றைப் பார்த்தது. நரியின் கால்தடம் புதிதாகப் பதிந்திருந்தது. வேறு வழி?

"சரிண்ணே. ஆனா முட்டைச் சூடு ஆறக் கூடாது. ஆறினா குஞ்சு பிழைக்காது!"

"ஆறுறதுக்குள்ள ஏரிக்கரையில நிப்பேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தியது கீரி.

வீடு திரும்பும் வழியில் அது கணக்குப் போட்டுப் பார்த்தது. முட்டை ஆறினாலும் போச்சு, உடைந்தாலும் போச்சு. 'பாவம், விபத்து' என்று யாராவது சொல்வார்களா? 'தின்றுவிட்டுக் கதை விடுகிறான்' என்பார்கள். பிறகு ஆயுசுக்கும் அந்தப் பட்டம் போகாது.

மாடக்கண்ணு ஒரு பானைத் தேன் சேர்த்து வைத்திருந்தது. அந்தக் காட்டில் தேன்தான் பணம். சைக்கிளைச் சீர்படுத்த, பானையைத் தூக்கிக்கொண்டு மயிலின் கடைக்குப் போனது.

மயில் ராஜமாணிக்கத்தின் சைக்கிள் சாமான் கடை புங்கமரத்தடியில் இருந்தது. வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது குரங்கு சடகோபன். அதற்குச் சொந்தமாகச் சைக்கிள் கிடையாது. ஏறி ஓட்டியதும் கிடையாது. ஆனால் எந்தச் சாமான் எத்தனை கிராம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்.

"அண்ணாச்சி, நாமக்கோழியோட முட்டையைச் சூடு ஆறுறதுக்குள்ள ஏரிக்குக் கொண்டுபோகணும். பிரேக் கொஞ்சம் சரியாப் பிடிக்க மாட்டேங்குது. கட்டை தேஞ்சிருக்கும் போல..." என்று இழுத்தது கீரி.

குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "அட கிறுக்கா! பிரேக்குங்கிறது வேகத்தைக் குறைக்கிற சாமான்! அதுக்கா தேனைக் கொட்டப்போறே? முட்டை ஆறிப்போகும்டா!"

கீரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

மயில் தோகையை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. "இதைப் பாருங்க தம்பி! கார்பன் சக்கரம்! என் இறகை ஒரு கையில வைங்க, இதை ஒரு கையில வைங்க. இறகுதான் கனமா இருக்கும்!"

கறுகறுவென்று மின்னிய அந்தச் சக்கரங்களில் மாடக்கண்ணுவின் முகம் தெரிந்தது. முகம் கொஞ்சம் அழகாகவே தெரிந்தது. அப்புறம் என்ன யோசனை? பானையில் இருந்த தேன் முழுவதும் மயிலின் அண்டாவுக்குப் போயிற்று.

"கோழியையும் கூடவே ஏத்திக்கிட்டுப் போயிடாதே! கனம் கூடும், வேகம் குறையும்!" என்று குரங்கு பின்னாலிருந்து கத்தியது.

புதுச் சக்கரங்களோடு குளத்தங்கரைக்கு வந்த கீரி, "எடு தாயி முட்டையை!" என்றது.

பவளக்கொடி சக்கரத்தைப் பார்த்தது. கூடையைப் பார்த்தது. கீரியின் வாயையும் ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. முட்டைக்குப் பதிலா விளாம்பழம் நாலு வச்சு, பாதி மலை இறங்கிக் காட்டுங்க. பெத்த மனசு கேக்கலை!"

"இன்னுமா சந்தேகம்!" கீரிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பழங்களை வைக்கோலில் பொதிந்து கூடையில் வைத்துக் கிளம்பியது.

முதல் வளைவு வரை சுகமோ சுகம்! சக்கரம் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. காற்று மீசையைப் பின்னால் தள்ளியது. இரண்டாவது வளைவில் கீரி பிரேக்கைப் பிடித்தது. 'கீய்ய்ச்' என்று சத்தம்தான் வந்தது. வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தது. வண்டி இன்னும் வேகமாகப் போனது!

"நில்லு! நில்லு! ஐயோ, நில்லேன்!" என்று கீரி சைக்கிளைக் கெஞ்சியது. சைக்கிளுக்குக் காதா இருக்கிறது? பாதை வளைந்தது, வண்டி நேராகப் போனது. கீரி ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம். இரண்டும் உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்தன.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டு எழுந்த மாடக்கண்ணு முதலில் கூடையைத்தான் தேடியது. நாலு விளாம்பழமும் ஓடு உடைந்து சிதறிக் கிடந்தன. கல்லில் அடித்தால்தான் உடையும் விளாம்பழ ஓடு! அதுவே இந்தக் கதி என்றால், முட்டை?

கீரி ஒரு ஓட்டுத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தது. அடுத்த நொடி, 'அப்பாடா! முட்டை இல்லை! வெறும் விளாம்பழம்!' என்று பாதை ஓரத்தில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதது. பவளக்கொடியின் சந்தேகத்தை நினைத்துக் கோபப்பட்ட அதே மனம், இப்போது அந்தச் சந்தேகத்தைக் கையெடுத்துக் கும்பிட்டது.

வண்டியை உருட்டிக்கொண்டு மேலே வந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னது.

பவளக்கொடி மலைப்பாதையை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. பிறகு, "ஏண்ணே, ஒண்ணு கேக்கறேன். இங்கிருந்து ஏரி வரைக்கும் இறக்கம்தானே? இறக்கத்துல வண்டி தானா ஓடுமே! அதுக்கு எதுக்கு வேகச் சக்கரம்?" என்றது.

கீரி தலையைச் சொறிந்தது. அதைக் குரங்கும் யோசிக்கவில்லை, மயிலும் யோசிக்கவில்லை, தானும் யோசிக்கவில்லை!

"சூடு ஆறிடுமேன்னுதான்..." என்று முணுமுணுத்தது.

"நான் கூடைக்குள்ளயே முட்டை மேல உக்காந்து வரேன். சூடு எப்படி ஆறும்? மெதுவாவே போகலாம். ஆனா, நிக்கச் சொன்ன இடத்துல வண்டி நிக்கணும்!"

கீரி மறுபடியும் மயிலின் கடைக்கு ஓடியது. "வித்த சாமானைத் திருப்பி எடுக்கறது வழக்கமில்லை. இதுல கீறல் வேற!" என்று மயில் முகத்தைச் சுளித்தது. கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, அண்டாவிலிருந்து ஒரு கிண்ணம் தேனை மட்டும் திருப்பிக் கொடுத்தது.

"அது போதும். பிரேக் கட்டை குடுங்க. பிரேக் கம்பியும் ரெண்டு குடுங்க."

மயில் கடையின் மூலையில் துழாவி, தூசி படிந்த பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டது. "இதை யாரும் கேக்கறதே இல்லை தம்பி. மினுக்காது பாருங்க!"

எல்லாம் வாங்கியும் கிண்ணத்தில் பாதித் தேன் மிச்சம் இருந்தது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் பானையே மிஞ்சியிருக்கும்! கீரி தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டது. பழைய சக்கரத்தை மாட்டி, புதுக் கட்டையைப் பூட்டி, இந்தத் தடவை யாரும் சொல்லாமலேயே விளாம்பழம் வைத்து ஓட்டிப் பார்த்தது. ஒரு பழத்திலும் கீறல்கூட விழவில்லை.

மறுநாள் காலை கீரி குளத்தில் இறங்கி, கூட்டிலிருந்த முட்டைகளைக் கூடையில் கரைக்குக் கொண்டுவந்தது. பவளக்கொடி கூடைக்குள் ஏறி அவற்றின் மேல் உட்கார்ந்தது. வண்டி மெல்ல இறங்கியது. முதல் வளைவு தாண்டியது. உண்ணிச்செடி வளைவும் தாண்டியது. கடைசி வளைவில் திரும்பினால், பாதையை அடைத்துக்கொண்டு ஒரு யானை!

"அண்ணே!" என்று அலறியது பவளக்கொடி.

கீரி இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்தது. வண்டி யானையின் தும்பிக்கைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கூடை லேசாகத்தான் குலுங்கியது.

"என்னப்பா, அவசரமா?" என்றது யானை.

"இல்லீங்க ஐயா! நீங்க நிதானமாப் போங்க!" கீரிக்கு மூச்சு அப்போதுதான் வந்தது.

யானை நகர்ந்து போனதும், கூடைக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

முட்டை விரிசல் விடும் சத்தம்! கீரியின் முகம் வெளிறிப்போனது. போச்சு! எல்லாம் போச்சு! "தங்கச்சி, சத்தியமா நான் மெதுவாத்தான்..." என்று கூடைப் பக்கம் திரும்பியது.

பவளக்கொடி மெல்ல இறக்கையைத் தூக்கியது. ஒரு முட்டையில் சின்ன ஓட்டை. அந்த ஓட்டையிலிருந்து ஒரு குட்டி அலகு எட்டிப் பார்த்தது!

"உடையலைண்ணே! பொரிச்சிருக்கு!" என்று தாய் கூவியது.

கீரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முட்டை ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த குஞ்சு, குனிந்து பார்த்த கீரியின் முகத்தைக் கண்டது. அது பயப்படவில்லை. 'கீச்' என்று கத்தி, கீரியின் மீசையைக் கொத்தி இழுத்தது. பவளக்கொடி இறக்கையை விரித்து மறைக்கவில்லை, பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலைக்குள் மற்ற மூன்றும் ஏரிக்கரைக் கோரைப்புல்லில் பொரித்தன. அதன்பிறகு காட்டில் கூடு மாற்ற வேண்டியிருந்த எந்தத் தாயும், "மாடக்கண்ணு அண்ணனைக் கூப்பிடு!" என்றுதான் சொன்னது. மயிலும் பிரேக் கட்டைப் பெட்டியைத் துடைத்துக் கடை வாசலில் வைத்தது. குரங்கு மட்டும், 'நான்தான் அன்னைக்கே சொன்னேனே!' என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

வேகமாக ஓடுவதற்குச் செலவழிக்கும் முன், பத்திரமாக நிற்பதற்குச் செலவழிக்க வேண்டும்.