புகைக்குழாயில் ஒட்டிய படலம்

குன்னூர் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அங்கே பாய்லரிலிருந்து கூரைக்கு மேலே போகும் புகைக்குழாயில் ஒருநாள் ஒரு படலம் வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலத் தகட்டில் பூசிய, தலைமுடியைவிட மெல்லிய படலம். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் அதற்குள் மின்சாரம் பிறக்கும்.

அதைச் செய்து கொண்டுவந்தவள் ஃபிலோமினா, கோவையில் ஆராய்ச்சி செய்பவள். படலத்தின் கம்பிகளைப் பாய்லரின் அபாய மணியோடு இணைத்தாள். உள்ளே தண்ணீர் குறைந்தால் அடிக்க வேண்டிய மணி அது. கரண்ட் போனால் ஊமையாகிவிடும். தண்ணீர் ஏற்றும் பம்ப்பும் நின்றுவிடும். விறகு நெருப்பு மட்டும் நிற்காது; தண்ணீர் வற்றினால் பாய்லர் வெடித்துவிடும்.

"இத்தனூண்டு இது மணி அடிக்குமா மேடம்?" பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் பெள்ளன் சிரித்தார்.

குழாய்க்குள் ஏறிவந்த சூடும் சிரித்தது. "நான் வானத்துக்குப் போகிறவன். வழியில் நிற்காதே."

"நிற்கவில்லை. என் வழியாகப் போ. போகும்போது ஒரு வேலை செய்துவிட்டுப் போ" என்றது படலம்.

"சரி" என்று சூடு உள்ளே புகுந்தது. கால் மணி நேரத்தில் படலத்தின் முதுகையும் பிடித்துக்கொண்டது. மின்சாரத்தை அளக்க ஃபிலோமினா வைத்திருந்த மீட்டரில் முள் அசையவில்லை.

"பார்த்தாயா? நீயும் என்னைப் போலவே ஆகிவிட்டாய்."

படலத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

ஃபிலோமினா மீட்டரை அணைத்தாள். "பின்பக்கமும் கொதிக்குதுண்ணா. ரெண்டு பக்கமும் ஒரே சூடு. கழட்டிடறேன்."

"கழட்டறதுக்கா இந்த மலை ஏறி வந்தீங்க?" என்றார் பெள்ளன். மூன்று வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த ஜன்னலைச் சுத்தியலால் தட்டித் திறந்தார். பனிக்காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. "இது போதுமா?"

ஃபிலோமினா அலுமினிய இதழ்களை வெட்டிப் படலத்தின் முதுகில் வரிசையாகப் பொருத்தினாள். காற்று அவற்றின் ஊடே நுழைந்தது. சூடு மறுபடியும் நெருக்கியது. 'முகத்தைத் தருகிறேன், முதுகைத் தரமாட்டேன்' என்று படலம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. மீட்டரின் முள் மெல்ல எழுந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மழைப் பகலில், எங்கோ மரம் சாய்ந்து கரண்ட் போனது. பெள்ளன் ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஓடினார். அது கிளம்ப மறுத்தது. இழுத்து இழுத்துப் பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

பாய்லருக்குள் தண்ணீர் பதறியது. "நான் இறங்கிக்கொண்டே இருக்கிறேன். யாராவது அவரைக் கூப்பிடுங்கள்!"

சுவருக்கு அந்தப் பக்கம் பதினோரு பெண்கள் தேயிலை சலித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெம்பில்லையே" என்று முனகியது மணி.

"நான் தருகிறேன், அடி!" என்றது படலம்.

மணி கிணுகிணுத்தது. நின்றது. மறுபடி கிணுகிணுத்தது. பிறகு விடாமல் அடித்தது. பெள்ளன் காதில் விழுந்ததும் மழையில் ஓடிவந்தார். பாய்லரின் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அடிமட்டத்தில் இருந்தது. அடுப்பைத் திறந்து, எரிந்த கட்டைகளை நீளக் கொக்கியால் வெளியே வாரிப் போட்டார். கை மயிர் கருகியது. பாய்லர் மெல்ல அடங்கியது.

அப்படியே தரையில் உட்கார்ந்தவர் ஃபோனை எடுத்தார். "மேடம், உங்க மணி அடிச்சிருச்சு."

மறுநாள் அடுப்பு மூண்டது. சூடு பழைய மிடுக்கோடு வந்தது. "பெரிதாக ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. என்னில் நூற்றில் ஒரு பங்கைக்கூட உன்னால் பிடிக்க முடியவில்லை. மிச்சமெல்லாம் இதோ, வானத்துக்குத்தான் போகிறேன்."

படலம் அண்ணாந்து பார்த்தது.

"தெரியும். எனக்கு மேலே, என்னைப் போன்றவர்கள் ஒட்டிக்கொள்ள, குழாய் இன்னும் இருபது அடி வெறுமையாகக் கிடக்கிறது."