பாசி மேல் மூன்று பூச்சிகள்

“மீன் என்ன குருடா?” என்று கேட்டபடி கர்னல் தேவசகாயம், மீனை ஏமாற்ற கெங்கி கட்டிய தூண்டில் பூச்சியை ஓடையில் எறிந்தார். “கோழி இறகுல நூலைச் சுத்திட்டா பூச்சியாயிடுமா? இனிமே நம்ம மீன்பிடி சங்கத்துக்கு லண்டன் பூச்சிதான். உனக்கு வேலை இல்லை.”

“நிஜப் பூச்சி எது, என் பூச்சி எதுன்னு ஐயா கண்டுபிடிச்சிடுவீங்களா?”

“பார்த்ததுமே சொல்வேன். நான் தோத்தா வேலை உனக்கே.”

கெங்கி கரைப் புல்லில் தேடிவிட்டு வந்தாள். கையில் ஒரு பிடி பாசி. அதன்மேல் மூன்று பூச்சிகள் அசையாமல் இருந்தன. சங்கத்துக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவள் கையை வெயில் பக்கம் நீட்டினாள்.

“இதுல என் கைவேலை எதுன்னு காட்டுங்க. குறையையும் நிதானமா சொல்லுங்க ஐயா, திருத்திக்கறேன்.”

கர்னல் நடுவில் இருந்ததைக் காட்டினார். “இதுதான். இறக்கை தடிமன். வால் கோணல். மாசி மாசப் பூச்சிக்கு இந்த நிறமா? ஆடியில வர்ற பழுப்பு இது. பக்கத்துல இருக்கறதைப் பாரு, அது கடவுள் செஞ்சது.”

அவர் பேசப் பேச வெயில் ஏறியது. குளிரில் விறைத்திருந்த நடுப்பூச்சி சிறகை உதறிப் பறந்துபோனது.

“அப்போ மிச்சம் ரெண்டுல எது உன்னோடது?” என்று கேட்டார் கர்னல்.

கெங்கி பாசியை விலக்கினாள். இரண்டின் அடியிலும் தூண்டில் முள் மின்னியது.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. “நாளைக்கு வேலைக்கு வந்துடு,” என்றார் கர்னல். பிறகு திரும்பி நின்று, தன் தூண்டிலில் இருந்த லண்டன் பூச்சியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அவளை நோக்கிக் கையை நீட்டினார்.