கோணல் துளை

முன்னொரு காலத்தில் உடுமலைப்பேட்டையில் பழுப்புத் தோல் பெல்ட் ஒன்று இருந்தது. கம்பெனியிலேயே போட்ட துளைகள் அதில் ஐந்து. அளந்து வைத்தாற்போல வரிசையாக நிற்கும். அவற்றுக்கு மூன்று விரற்கடை தள்ளி, பக்கிளுக்குப் பக்கமாக ஆறாவதாக ஒரு துளை இருந்தது. அது கொஞ்சம் கோணல்.

கோணலாகப் பிறந்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பெல்ட்டை வாங்கிய திருமூர்த்திக்கு அப்போது வயது இருபத்திரண்டு. நூல் மில்லில் வேலை கிடைத்த முதல் வாரம். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பெல்ட் விற்றவரிடம் அதை எடுத்து மாட்டிப் பார்த்தார். ஐந்து துளைகளில் எதிலும் நிற்கவில்லை. மாலை போட்ட மாதிரி தொங்கியது.

"ஏன் தம்பி, இடுப்பை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார் விற்பவர். சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுத்தார். அடிக்கிற நேரம் பார்த்துப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அலறியது. கை விலகிவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் கோணல் துளை.

கம்பெனித் துளைகள் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

"பஸ் ஸ்டாண்டுல பொறந்ததோட நமக்கென்ன பேச்சு?" என்றது அவற்றில் முதலாவது.

"பேச வேண்டாங்க. முள்ளு தினமும் யார் வீட்டுக்கு வருதுன்னு மட்டும் பாருங்க" என்றது கோணல்.

பக்கிளின் முள் காலையில் வந்து நுழைந்தால், ராத்திரி பெல்ட்டைக் கழற்றும்வரை கோணல் துளையில்தான் குடியிருக்கும். மெலிந்த பித்தளை உடம்பு அதற்கு. ஊர்க்கதை முழுதும் பேசும்.

அந்த நாட்களைக் கோணல் துளை கடைசிவரை மறக்கவில்லை. மில்லில் எட்டு மணி நேரமும் திருமூர்த்தி நடந்துகொண்டேயிருப்பார். இந்தக் கோடியில் நூல் அறுந்தால் ஒட்டுவார்; ஒட்டி முடிப்பதற்குள் அந்தக் கோடியில் அறுந்திருக்கும். ஷிப்டு முடிந்ததும் சைக்கிள். சைக்கிளை நிறுத்தினால் வாலிபால். பந்துக்கு அவர் எம்பும்போது பெல்ட்டும் சேர்ந்து எம்பும்.  வீட்டுக்கு வந்ததும் அரிசியும்பருப்புஞ்சோற்றை மூன்று வட்டம் போட்டுச் சாப்பிடுவார்.

"இன்னைக்கு உன்னை விட்டுத் தாண்டிருவாரு போலிருக்கே!" என்று முள் பயந்ததுண்டு.

"காலைல பாரு" என்பது கோணல்.

விடிந்தால் அதே இடுப்பு. தின்றதெல்லாம் எங்கே போயிற்று என்று கோணலுக்குத் தெரியும். நடந்து தீர்ந்திருக்கும்.

பிறகு கல்யாணம் நடந்தது. சுகந்தி வந்தாள். விருந்துக்கு மேல் விருந்து. முள் முதல் துளைக்குப் போயிற்று.

"கோவிச்சுக்காதே. எலும்பு மேல கொஞ்சம் சதை வேண்டாமா? ஆடி போகட்டும், வந்துர்றேன்" என்றது.

அதில் தப்பில்லை என்றுதான் கோணலும் நினைத்தது. ஆடி போயிற்று. பைக் வந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்த பால் கடைக்கும் பைக்தான். முள் இரண்டாம் துளையிலிருந்து சொல்லி அனுப்பியது: "தீபாவளி கழியட்டும்." நாலைந்து தீபாவளிகள் கழிந்தன. திருமூர்த்தியை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சுற்றுகிற நாற்காலி ஒன்று கொடுத்தார்கள். நாற்காலிதான் சுற்றியது, அவர் சுற்றவில்லை. இப்போது முள் "பொங்கல் கழிச்சு" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதையும் தாண்டிவிட்டிருந்தது.

ஐந்துக்கும் அப்பால் ஒருநாள் ஆணியைக் காய்ச்சிப் புதுத் துளை போட்டார்கள். அது சில மாதம்கூடத் தாங்கவில்லை. பெல்ட் படுக்கையறைக் கதவின் பின்னால் தொங்கலாயிற்று. திருமூர்த்தி இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேண்டுகளுக்கு மாறினார்.

கதவுக்குப் பின்னாலிருந்தே துளைகள் அந்த வீட்டைப் பார்த்து வந்தன. மித்ரன் பிறந்ததைப் பார்த்தன. செல்போனைக் காட்டினால்தான் அவன் வாய் திறப்பான் என்று ஆனதையும் பார்த்தன. படத்தைப் பார்த்தபடி விழுங்குவான். வயிறு "போதும்" என்று சொன்னால் அது அவன் காதில் விழாது. "இன்னும் ஒரே வாய் சாமி" என்று சுகந்தி ஊட்டுவாள். பனியன் கம்பெனியில் வேலை முடிந்து அவள் தாமதமாக வரும் நாட்களில், வருத்தத்தோடு ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டும் வரும். சமைக்கத் தெம்பில்லாத நாட்களில் புரோட்டா பார்சல் வரும். மூன்று பேரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பின்பக்கம் பையன்கள் ஆடிய காலி இடத்தில் கல்யாண மண்டபத்துக்கு கார் நிறுத்துமிடம் வந்தது. டியூஷன் வேன் வாசலிலேயே ஏற்றி, வாசலிலேயே இறக்கிவிட்டது. எப்போதாவது வரும் அத்தைக்காரி பையனின் கன்னத்தைக் கிள்ளி, "ஏன் கண்ணு, இளைச்சுப் போயிட்டே?" என்பாள்.

மித்ரனுக்குப் பதினொரு வயதானது. பள்ளியில் விளையாட்டு விழா. அணிவகுப்புக்கு எல்லோரும் பெல்ட் போட்டு வரவேண்டும். பள்ளிக்கூடத்துப் பெல்ட்டின் கொக்கி முதல் ஒத்திகையிலேயே தெறித்து, முன்னால் நின்றவன் முதுகில் போய் விழுந்தது. "தண்ணி லாரி வெடிச்சிருச்சுடா!" என்று பையன்கள் கத்தினார்கள். மித்ரன் வீட்டுக்கு வந்து, விழாவுக்கே போகமாட்டேன் என்று கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டான்.

சுகந்தி கதவின் பின்னாலிருந்து பழைய பெல்ட்டை எடுத்தாள். தூசியைத் தட்டி, மித்ரனை எழுப்பி நிற்கவைத்து இடுப்பில் சுற்றினாள்.



"சின்னப் பையன் இடுப்பு! என்கிட்டதான் வரப்போற, வாப்பா, வா!" என்று கோணல் துளை முள்ளைக் கூப்பிட்டது.

முள்ளும் ஆசையோடுதான் வந்தது. ஆனால் கோணலைத் தொடாமலே தாண்டியது. முதல் துளையைத் தாண்டியது, இரண்டாவதையும் தாண்டியது. மூன்றாவதில் திக்கித் திணறி நின்றது.

"இங்கயா?" என்றது மூன்றாம் துளை. "அவருக்கு என்கிட்ட வர முப்பத்திமூணு வயசாச்சே. பையன் ஏழாவதுதானே படிக்கிறான்?"



சுகந்தி பெருமூச்சு விட்டாள். "ஏனுங்க, உங்க பெல்ட்டே இவனுக்குச் சரியா இருக்குதுங்க."

டிவி பார்த்துக்கொண்டிருந்த திருமூர்த்தி திரும்பினார். ஒரு நொடி அவர் முகம் என்னவோ ஆனது. பிறகு சிரித்துக்கொண்டார். "என் மகனாச்சே! எங்க குடும்பத்து உடல்வாகு அப்படி."

மித்ரன் சிரிக்கவில்லை. "அப்ப நான் எப்பவுமே இப்படித்தானாப்பா?"

"என்ன சாமி பண்றது? நம்ம ரத்தம் அப்படி. பச்சைத் தண்ணி குடிச்சாலும் ஊதிரும்."

மித்ரன் தலையாட்டினான். தண்டனையைக் கேட்டுக்கொண்டவன் ஆட்டுகிற மாதிரி அது இருந்தது.

"பொய்!" என்று கத்தியது கோணல் துளை. "அது பொய்! நான் இருக்கேன் சாட்சிக்கு!"

"கத்தாதப்பா" என்றது முதல் துளை. "துளைக்கு வாய்தான் உண்டு. குரல் ஏது?"

"அவன் நம்பிட்டாம்ப்பா. இனி நடந்து என்ன, ஓடி என்னன்னு இருந்துருவான். ஆளுக்கொண்ணா நீங்க பாத்ததைச் சொல்லுங்களேன்!"

"பைக்கைச் சொல்றதா?" என்றது இரண்டாவது.

"நாற்காலியைச் சொல்றதா?" என்றது மூன்றாவது.

"பார்சலைச் சொல்லலாம். டிவியைச் சொல்லலாம். கடைசில, அசதியா வந்த அந்தம்மாளோட பாசத்தையும்ல சொல்லோணும்?" என்றது நான்காவது. "அது எப்படிச் சொல்றது?"

கோணல் துளை அழுதது. பஸ் ஸ்டாண்டில் சுத்தியல் விழுந்தபோதுகூட அதற்கு அப்படி வலித்ததில்லை.

மித்ரன் பெல்ட்டைக் கழற்றினான். மடியில் போட்டுக்கொண்டு சும்மா தடவினான். அவன் விரல், வரிசையில் சேராத ஒரு பள்ளத்தில் இடறியது. மற்றவற்றைவிட அது பெரிதாகத் தேய்ந்து நீண்டிருந்தது. அதைச் சுற்றித் தோல் கறுத்திருந்தது.

"இதென்னப்பா, கோணலா ஒரு ஓட்டை?"

"அது கிடக்குது விடு."

"ரொம்பத் தேஞ்சிருக்கு. யார் போட்டது?"

திருமூர்த்தி டிவியைப் பார்த்தார். சுகந்தி அவரைப் பார்த்தாள். அவள் எட்டி டிவியை அணைத்தாள்.

"பையன் கேக்கறானுங்க" என்றாள்.

"பஸ் ஸ்டாண்டுல போட்டது" என்றார் அவர். "எனக்குத்தான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல."

மித்ரன் முள்ளை எடுத்துக் கோணல் துளையில் நுழைத்தான். எத்தனையோ வருடம் கழித்து இரண்டும் சந்தித்துக்கொண்டன. பெல்ட் சின்ன வளையமாக அவன் மடியில் நின்றது. அவன் அதற்குள் தன் இரண்டு கைகளையும் விட்டு, விரித்து அளந்து பார்த்தான். பிறகு அப்பாவின் வயிற்றைப் பார்த்தான்.

"இதுக்குள்ள நீங்க இருந்தீங்களா?"

"ஆமா."

"எத்தனை நாளு?"

"அஞ்சு வருஷம்."

மித்ரன் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அப்ப உங்களுக்கு வேற ரத்தமா இருந்துச்சாப்பா?"

திருமூர்த்தி எழுந்து வந்து மகன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இல்ல சாமி" என்றார். "ரத்தம் இதேதான். மத்ததெல்லாம் நாங்க மாத்துனது."