கடலில் ஓர் இறக்கம்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. கல்லூரி விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில் நண்பன் சொன்னது. அவனுக்கு அவன் சித்தப்பா சொன்னாராம். இருவருமே கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடியவர்கள். நான் எதையும் கூட்டவில்லை.

சிப்பிமுனைக் குப்பத்தில் மாசிலாமணி என்று ஒரு மீனவர். தங்கமான மனிதர். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார். அது ஒன்றுதான் அவரிடம் இருந்த கோளாறு. ஊர் முழுக்க அதே கோளாறு இருந்ததால் யாருக்கும் அது கோளாறாகத் தெரியவில்லை.

அவர் தங்கை செண்பகத்தைத் தெற்கே புன்னைத்துறையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். படகில் ஒன்றரை மணி நேரம். அவளுடைய மூத்த மகளுக்குக் காது குத்தியபோது, "மழை விட்டதும் கிளம்பி வந்துடு அண்ணே" என்று சொல்லியனுப்பியிருந்தாள். அந்த மாதம் மழையே பெய்யவில்லை. பெய்யாத மழை எப்படி விடும்? மாசிலாமணி பொறுமையாகக் காத்திருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை, பந்தல் போட வந்தவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது. புன்னைத்துறையில் அவருக்கு 'மடி இல்லாத மாமன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போது இளையவளின் முறை. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குள் முகூர்த்தம். "இந்தத் தடவையும் நீ வரலேன்னா, எனக்கு அண்ணனே இல்லேன்னு நெனச்சுக்கறேன்" என்று செண்பகம் போனில் அழுதுவிட்டாள். மாசிலாமணிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சிப்பிமுனை டீக்கடை வாசலில் ஒரு ஜீப் பஞ்சராகி நின்றது. அதில் வந்தவர் கடலாராய்ச்சி செய்யும் ஓர் அம்மா. டயர் மாற்றும்வரை டீ குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"ஒரு அதிசயம் தெரியுமா? இலங்கைக்குத் தெற்கே கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல தாழ்ந்திருக்கு. ஏன்னு இன்னும் யாராலயும் உறுதியாச் சொல்ல முடியல. நீங்களும் யோசிச்சுப் பாருங்க."

ஜீப் போய்விட்டது. டீக்கடையில் இருந்த மாசிலாமணியும், அவர் படகுக் கூட்டாளிகளான காளத்தியும் பூவலிங்கமும் யோசிக்கத் தொடங்கினார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று அந்த அம்மா சொல்லவில்லை. அதனால் சாயங்காலம்வரை யோசித்தார்கள்.

கடைசியில் காளத்தி வாயைத் திறந்தார். அவர் ஒருமுறை கொடைக்கானல் போய் வந்தவர். மேடு பள்ளம் பற்றி ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"தெக்க கடல் தாழ்ந்திருக்குன்னா, தெக்க போறது இறக்கம்."

மாசிலாமணி எழுந்து நின்றுவிட்டார். "புன்னைத்துறை தெக்கதானே இருக்கு? நிறுத்த முடியாமப் போயிட்டா?"

"நேராப் போய்ப் பள்ளத்துல விழ வேண்டியதுதான்."

"பத்தரைக்குள்ளயா?"

"அது இறக்கத்தைப் பொறுத்தது" என்றார் காளத்தி.

அப்போது ஐஸ் லாரி வந்தது. இறக்கத்தில் வண்டியை எப்படி நிறுத்துவது என்று ஓட்டுநரிடம் கேட்டார்கள். "சக்கரத்துக்கு முன்னால பெரிய கல்லா வையுங்க. கயிறு கியிறெல்லாம் நம்பாதீங்க" என்றார் அவர்.

நங்கூரம் கயிற்றில்தானே கட்டியிருக்கிறது? அதைக் கரையிலேயே விட்டார்கள். அதற்குப் பதில் பன்னிரண்டு கருங்கற்களைப் படகில் ஏற்றினார்கள். மாமன் சீராகப் பழத்தட்டும், பட்டுப்பாவாடையும், ஒரு ஜோடி கம்மலும் ஏறின. பூவலிங்கம் கொத்தனார் வீட்டில் ரசமட்டம் இரவல் வாங்கி வந்தார். குமிழி நடுவில் நின்றால் மட்டம், நகர்ந்தால் சரிவு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். கரையை விட்டுக் கொஞ்சதூரம் போனதுமே காளத்தி கையைத் தூக்கினார். "எஞ்சினை அணை. இறக்கத்துல எஞ்சினும் ஓடினா ரெண்டு வேகமும் சேர்ந்துக்கும்."

அணைத்தார்கள். பூவலிங்கம் ரசமட்டத்தைப் பலகையில் வைத்துக் குனிந்து பார்த்தார். குமிழி தெற்கே போனது. வடக்கே வந்தது. மறுபடியும் தெற்கே போனது.

"என்னடா சொல்லுது?"

"கடல் இன்னும் முடிவு பண்ணலண்ணே."

ஆனால் படகு நகரத்தான் செய்தது. அது ஆவணி மாதம். நீரோட்டம் வடக்கே இழுக்கும். மூவரும் அதைக் கவனிக்கவில்லை. இறக்கம் வேலை செய்கிறது என்று கைதட்டினார்கள்.

அரைமணி நேரம் கழித்துப் பூவலிங்கம் மெல்லக் கேட்டார். "அண்ணே, நம்ம ஊர்க் கோயில் தெக்கயில்ல போகுது?"

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான்.

"அதுவும் உருள ஆரம்பிச்சிடுச்சு" என்றார் காளத்தி.

"நம்மள முந்திக்கிட்டுப் போகுதே!" மாசிலாமணி பதறினார். "நான் போய்ச் சேர்றதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிடும் போலருக்கே!"

எட்டரை மணிக்கு, இந்நேரம் புன்னைத்துறை வந்திருக்கும் என்று காளத்தி கணக்குப் போட்டார். படகை நிறுத்த வேண்டும். பூவலிங்கம் ஒரு கல்லைத் தூக்கிப் படகுக்கு முன்னால் தண்ணீரில் பதமாக வைத்தார். கல்லைக் காணோம். இன்னொன்றை வைத்தார். அதையும் காணோம். பன்னிரண்டும் போயின.

"எவ்வளவு செங்குத்துன்னு பாருங்க" என்று பூவலிங்கம் மூச்சு வாங்கினார். "கல்லே நிக்க மாட்டேங்குது."

அப்போது போன் அடித்தது. செண்பகம்.

"எங்கண்ணே இருக்கே?"

"இறக்கத்துல இருக்கேம்மா."

"என்ன தெரியுது அங்கேர்ந்து?"

"நம்ம ஊர்க் கோயில் தெரியுது. ரொம்ப தூரம் தெக்க போயிடுச்சு."

செண்பகமும் சிப்பிமுனையில் பிறந்தவள்தான். ஆனால் எட்டு வருஷமாக வெளியூரில் இருக்கிறாள். படகுதான் வடக்கே போயிருக்கிறது என்று புரிந்துகொண்டாள். "அங்கேயே இரு. ஒரு அடி நகரக் கூடாது. நாங்க வர்றோம்."

நகராமல் இருக்க நீரோட்டம் விடவில்லை. வேறு வழியில்லாமல் எஞ்சினைப் போட்டார்கள். கோயில் மேற்கொண்டு நகராதபடி தெற்குப் பார்த்து அளவாக ஓட்டி, இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

பத்தேகாலுக்குச் செண்பகத்தின் வீட்டுக்காரர் படகு வந்து பக்கத்தில் அணைந்தது. அவர், அவள், குழந்தை, காது குத்தும் பத்தர். பத்தர் கடலில் இறங்கியது அன்றுதான் முதல்முறை. முகம் வெளிறி, கண்ணைத் திறக்கவே பயந்துபோய், கையில் ஊசியோடு படகு மாறினார்.

"மாமன் மடியில வையுங்க. சீக்கிரம்!" என்றாள் செண்பகம்.

குழந்தை மடியில் ஏறியது. மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"காதைக் காட்டுங்க. குத்தினா ஆடக் கூடாது" என்றார் பத்தர், பாதிக் கண்ணைத் திறந்து.

மாசிலாமணி தலையைச் சாய்த்துத் தன் காதைக் காட்டினார். ஊசி ஏறியது. கம்மலும் ஏறியது. சொன்னபடி அவர் ஆடவேயில்லை. குழந்தை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தது.

"ஐயோ பத்தரே, அது மாமன் காது!"

"அதான் இவ்வளவு தடிப்பா இருந்துச்சா!"

மணி பத்து இருபத்தைந்து. கழற்ற நேரமில்லை. மிச்சக் கம்மல் குழந்தையின் ஒரு காதுக்கும், செண்பகம் கழற்றிக் கொடுத்த மூக்குத்தி மறு காதுக்கும் போயின. எல்லாம் தாய்மாமன் மடியில், பத்தரைக்குள்.

கேட்டு முடித்ததும் எனக்கு உறுத்தலாக இருந்தது. அந்த அம்மா சொன்னது மெய்தானா என்று தேடிப் படித்தேன். மெய்தான். அங்கே பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறைவு. அதனால் கடல் மட்டமும் தாழ்ந்திருக்கிறது. ஆனால் ஈர்ப்பைப் பொறுத்தவரை அதுவும் சமதளம்தான்; படகு உருளாது. ஈர்ப்பு ஏன் குறைந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் தெளிவாக எழுதி, நண்பன் மூலம் மாசிலாமணிக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது. "ரொம்ப நன்றி தம்பி. தங்கச்சி மறுபடியும் உண்டாகியிருக்கா. ஈர்ப்பு கம்மின்னா எடையும் கம்மிதானே? அடுத்த காதுகுத்தை அங்கேயே வச்சுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். குழந்தைக்குக் கம்மல் கனக்காது."

கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். அவர் சொல்வது தப்பில்லை. கம்மல் அங்கே ஏறக்குறைய இருபதாயிரத்தில் ஒரு பங்கு லேசாகத்தான் இருக்கும்.